காளானுக்கு நான் பார்த்த வைத்தியம்

ஒருநாள் வேளாண் பயிற்சிக்குப் போய் மதியச் சாப்பாடும் சான்றிதழும் வாங்கி வந்த விவசாயியிடம் கொஞ்ச நாளைக்கு யாரும் வாய் கொடுக்கக் கூடாது. நான் அப்படித்தான் திரிந்தேன். பென்சிலின் மருந்து பூஞ்சையிலிருந்து வந்தது, பன்னை உப்ப வைக்கும் ஈஸ்ட்டும் பூஞ்சைதான் என்று கந்தர்வக்கோட்டை டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்தவரிடமே விளக்கினேன். (அவர் அதன் பிறகு பிஸ்கட்டுக்கு மாறிவிட்டார்.)

பயிற்சியில் என்னை மயக்கியது டிரைக்கோடெர்மா விரிடி. மண்ணில் வாழும் நல்ல பூஞ்சை. பயிரை அழுக வைக்கும் கெட்ட பூஞ்சைகளைத் தின்றுவிடும். அதன் பொடியை விதைக் கடலையில் கலந்து விதைத்தேன், தொழுவுரத்தோடு சேர்த்துக் கடலைக் கொல்லையிலும் போட்டேன். அந்த வருடம் வேரழுகல் வெகுவாகக் குறைந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

என் மனைவி மலர், வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் சிப்பிக் காளான் வளர்த்தாள். வைக்கோல் அடைத்த பாலித்தீன் பைகள் வரிசையாகத் தொங்கும். அவற்றுக்குப் படுக்கை என்று பெயர். அவள் பிறந்த ஊரான கீரமங்கலத்தில் இதை ஒரு தொழிலாகவே யாரும் மதிக்கவில்லை. "குப்பையில மொளைக்கிறத வளக்குறியாக்கும்" என்று சிரித்தார்கள். அதனாலேயே, அண்ணன் மகள் கவிதாவின் நிச்சயதார்த்தப் பந்தியில் தன் காளானில்தான் பிரியாணி என்று அடித்துச் சொல்லி வைத்திருந்தாள். விசேஷ வேலைக்காக முன்கூட்டியே கிளம்பியவள், "தண்ணி மட்டும் தெளிங்க. வேற எதையும் செய்யாதீங்க" என்றாள்.

தண்ணீர் மட்டும் தெளிப்பது யாரும் செய்யக்கூடிய வேலை. நானோ பயிற்சி பெற்றவன். காளானும் பூஞ்சை, டிரைக்கோடெர்மாவும் பூஞ்சை. பங்காளிகள் அனுசரித்துப் போவார்கள் என்று நம்பினேன். (என் சொந்தப் பங்காளிகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தாலே போதும்.) பொடியைத் தாராளமாகக் கரைத்து, ஒரு படுக்கை விடாமல் தெளித்தேன்.

சில நாளில் வெள்ளையாய் இருந்த படுக்கைகளில் பச்சைத் திட்டுகள் படர்ந்தன. பூரித்துப்போய் மலருக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கு!"

அவள் பூரிக்கவில்லை. "தண்ணியில என்னத்தக் கலந்தீங்க?" என்றாள். சொன்னேன்.

"காளானும் பூஞ்சைதானங்க. அது இதையும்தான திங்கும்?" என்றவள் அழுதுவிட்டாள். அவமானமாக இருந்தது.

நிச்சயத்தன்று பலாக்காய் பிரியாணி. (கீரமங்கலத்தில் பலாவுக்கா பஞ்சம்?) மாப்பிள்ளையின் சித்தப்பா ரசித்துச் சாப்பிட்டு, "காளான் பிரமாதம்மா" என்றார். மலர் பேசாமல் தலையாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். "அது பலாக்காய்ங்க. காளானுக்கு எங்க வீட்டுக்காரரு வைத்தியம் பாத்துட்டாரு" என்று ஆரம்பித்து, மொத்தத்தையும் பந்தி முன்னால் சொன்னாள். பரிமாறுகிறவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நான் அப்பளத்தில் கவனமாக இருந்தேன்.

மலர் வீடு திரும்பிப் படுக்கைகள் எல்லாவற்றையும் எரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். சிரித்த சொந்தங்களே இப்போது அவளிடம் காளான் வாங்குகிறார்கள். கொட்டகைக்குப் பூட்டு உண்டு. சாவி இருக்கும் இடம் எனக்கு மட்டும் தெரியாது.

போன மாதம் கவிதாவின் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தோம். தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. பக்கத்தில் இருந்தது நான்தான், ஆட்டிவிடலாம் என்று எழுந்தேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள் கவிதா.

"மாமா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், நல்லது எதுவும் பண்ணிராதீங்க!"