மாமனாருக்கு ஒரு ஆஸ்டின்

என் பெயர் சக்கரவர்த்தி. இந்தப் பெயரை வைத்தபோது, கீழ்பென்னாத்தூரில் ஆதிலட்சுமி என்று ஒருத்தி பிறக்கப்போவது என் அப்பாவுக்குத் தெரியாது. திருவண்ணாமலை நகராட்சி ஆபீசில் நான் பிறப்பு இறப்பு குமாஸ்தா. இந்த ஊரில் ஒருவர் பிறந்தாலும் சரி, போய்ச் சேர்ந்தாலும் சரி, நான் எழுதினால்தான் செல்லும். வீட்டில் மட்டும் நான் எழுதினாலும் செல்லாது, சொன்னாலும் செல்லாது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. இரண்டு பாதத்தையும் வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு சபதம் எடுத்தேன். இனி நான் நடந்து மலை சுற்றுவதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சபதத்தின் கனம் புரியாது. மலையைச் சுற்றி எட்டரை மைல். செருப்பு போடக்கூடாது. பௌர்ணமி தவறாமல் என் மனைவி சுற்றுவாள், கூடவே நானும் சுற்ற வேண்டும். சுற்றினால் பாவம் தொலையும் என்கிறார்கள். கல்யாணம் ஆன நாளாக ஒன்பது வருஷம் சுற்றிவிட்டேன். என் பாவம் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு எனக்குப் பத்தடி முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டேதான் இருந்தது.

தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. காய்ச்சல் என்றேன். கஷாயம் கொடுத்து, வியர்வை விட நடப்பது நல்லது என்று கூட்டிப்போனாள். ஆபீசில் வேலை என்றேன். மேனேஜர் சம்சாரத்திடம் போய் விசாரித்துவிட்டு வந்தாள். காலில் சுளுக்கு என்றேன். சுளுக்கு வழிக்கிற ஆளைக் கூட்டிவந்தாள். அவர் வழித்த வழியில் அதுவரை இல்லாத சுளுக்கு வந்து சேர்ந்தது. அதையும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நேருக்கு நேர் "மாட்டேன்" என்று சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம். சொல்லிவிட்டு எங்கே சாப்பிடுவது?

வழி செங்கம் ரோட்டில் கிடைத்தது. ஆசிரமத்துப் பக்கம் சுப்பிரமணி என்று ஒருவர் வெள்ளைக்காரர்களுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர். அவர் வீட்டில் இருந்த துரை ஒருவர் எல்லாம் மாயை என்று உணர்ந்து கப்பல் ஏறியபோது, மாயைகளில் பெரியதான பேபி ஆஸ்டின் காரை வேப்பமரத்தடியிலேயே விட்டுப்போய்விட்டார். அது ஆறு வருஷம் மழையில் நனைந்து, என்ன நிறம் என்று யாருக்கும் ஞாபகமில்லாத அளவுக்குத் துருவாகி இருந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போனீங்கன்னா புண்ணியமா போவும்" என்றார் சுப்பிரமணி. கோழியைத் தரமாட்டேன் என்றும் சொன்னார்.

என் மாமனார் முருகையனுக்கு இரண்டு முழங்காலும் போய் மூன்று வருஷம் ஆகிறது. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலைக் காட்டுக்குப் போகவே கைத்தாங்கல் வேண்டும். "ஒரே ஒரு தரம் மலைய சுத்திட்டா போதும், அப்புறம் கண்ண மூடிடலாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அழுவார். காரையும் மாமனாரையும் சேர்த்துப் பார்த்தேன். கார் இருந்தால் மாமனார் சுற்றலாம். மாமனார் சுற்ற யாராவது கார் ஓட்ட வேண்டும். கார் ஓட்டுகிறவன் எப்படி நடக்க முடியும்?

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மலைதான் சாமி. கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறவன்கூட, மலையைப் பார்த்து நின்று பொய் சொல்லமாட்டான். மலையைப் பார்த்து ஒரு வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். அதனால் சாயங்காலம் ஆதிலட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்த சமயம், நான் ஜாக்கிரதையாகக் கிழக்குப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஆரம்பித்தேன்.

"உங்க அப்பாவுக்கு ஒரு கார் ரெடி பண்ணப்போறேன்."

"யாருக்கு?"

"உங்க அப்பாவுக்கு. மாமனாருக்கு."

"பொங்கலுக்கு அவருக்கு ஒரு துண்டு எடுங்கன்னேன். வெல ஜாஸ்தின்னு சொன்னீங்க."

"அது வேற, இது வேற. மலை சுத்தணும்னு பாவம் எப்படி ஏங்குறாரு. என் மனசு கேக்கல."

"உங்க மனசா?"

"என் மனசுதான்."

"யாரு ஓட்டறது?"

"வேற யாரு? நான்தான் ஓட்டணும். மாசா மாசம் பௌர்ணமிக்கு உக்காந்தே இருக்கணும், கஷ்டம்தான். என்ன பண்றது, மாமனாராச்சே."

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் கெழக்கால பாத்துப் பேசறீங்க?"

"வெயிலு சாயுதில்ல? மேக்க பாத்தா கண்ணு கூசுது."

"ம்" என்றாள். ஒன்பது வருஷ அனுபவத்தில் அந்த "ம்"முக்கு நான் பயந்திருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் காதில் விழவில்லை.

இரண்டு மாட்டை வாடகைக்குப் பிடித்து, காரை இழுத்துவந்து பின்னால் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் விட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி ரிப்பேர் பார்க்கிற காசியைக் கூட்டிவந்தேன். காசி காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, ஒரு விரலால் கதவைத் தொட்டான். விரல் உள்ளே போய்விட்டது.

"இன்னா சார் இது, அப்பளமா?"

"முடியுமா முடியாதா?"

"முடியும் சார். ஆனா தேய்க்கறதெல்லாம் நீங்க தேய்க்கணும்."

தேய்த்தேன். வைகாசியில் தொடங்கி மார்கழி வரைக்கும் தேய்த்தேன். ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். துருவைத் தேய்த்தால் அடியில் இரும்பு வரும் என்று நினைத்திருந்தேன். பல இடத்தில் அடுத்த பக்கத்துச் சுவர்தான் வந்தது. காசி அங்கே தகடு வைத்து ஒட்டினான். இடையில் அவனுடைய லாரியில் வேங்கிக்கால் பொட்டலுக்குப் போய் ஓட்டவும் பழகினேன். ஒரு முள்வேலியைத் தவிர யாருக்கும் சேதமில்லை. லைசென்சும் வாங்கிவிட்டேன்.

வண்டிக்குக் கறுப்பு அடிக்கலாம் என்றேன்.

"அப்பாவுக்குத்தானே வண்டி? அவருக்குப் பச்சைதான் புடிக்கும்" என்றாள் ஆதிலட்சுமி.

அவள் புடவை நிறத்தில் பச்சை அடித்தோம். பின் சீட்டுக்குத் தேங்காய் நார் போதும் என்றேன்.

"அப்பாவுக்குத்தானே? நார் குத்தும்."

என் இலவம்பஞ்சு மெத்தையைக் கிழித்துப் பின் சீட்டு தைத்தார்கள். நான் பாய்க்கு மாறினேன். மாமனார் முன் சீட்டில்தானே உட்காரப்போகிறார் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. "அப்பாவுக்குத்தானே" என்ற சொல்லைக் கேட்டாலே நான் தலையாட்டிவிடுவேன். ஆட்டாவிட்டால் வண்டி யாருக்கு என்ற கேள்வி வரும்.

மார்கழி கடைசியில் ஒருநாள் காசி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். வண்டி இருமியது, தும்மியது, சட்டென்று ஓட ஆரம்பித்தது. கொட்டகைக்குள் நின்றபடியே பத்து நிமிஷம் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதுவிட்டேன். எட்டு மாசம் தேய்த்த கை ஐயா இது. அன்று காசி ஒரு மூடியைத் திறந்து உள்ளே கட்டைவிரல் அளவில் இருந்த கறுப்புச் சாமான் ஒன்றைக் காட்டினான்.

"இதான் சார் ரோட்டர். இத உருவிட்டா வண்டி பொணம்."

ஆதிலட்சுமியும் பக்கத்தில் நின்று பார்த்தாள். "இவ்ளோ சின்னதா இருக்குதே" என்று ஆச்சரியப்பட்டாள். நான் அன்றே மாமனாருக்குக் கார்டு எழுதிப்போட்டேன். மாசிப் பௌர்ணமிக்கு வாருங்கள், நான் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று.

பொங்கல் கழித்து மறுபடி ஹேண்டிலைச் சுற்றினால் வண்டி செத்துக் கிடந்தது. மூன்று வாரம். நான் சுற்றினேன், காசி சுற்றினான், இருவரும் மாறி மாறிச் சுற்றினோம். இருமல்கூட இல்லை. காசி தினமும் பானெட்டைத் திறந்து பார்ப்பான். "எல்லாம் சரியாத்தான் இருக்குது சார். என்னமோ கொறையுது" என்பான். அப்புறம் சமையல்கட்டுப் பக்கம் பார்ப்பான். அங்கேதான் அவன் அக்கா என்று கூப்பிடுகிற ஆதிலட்சுமி அவனுக்குச் சாப்பாடு போடுவாள்.

"அந்த மூடியத் தெறந்து பாக்கட்டுமா?" என்றேன்.

"ஐயோ, தொடாதீங்க சார். ஷாக்கு அடிச்சா கை போயிடும்."

தொடவில்லை. இந்த மூன்று வாரமும் ரசத்தில் ஒரு மாதிரி கிரீஸ் வாசனை வேறு.

"ஆதிலட்சுமி, ரசம் என்ன இப்படி வாசனை அடிக்குது?"

"உங்க கைய மோந்து பாருங்க" என்றாள். மோந்து பார்த்தேன். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

அதற்குள் மாமனாரிடமிருந்து பதில் கார்டு வந்துவிட்டது. கீழ்பென்னாத்தூர் முழுக்கச் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை தன் கையால் தேய்த்த வண்டி என்று கேட்டுக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பேசுகிறார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி கிளம்பாவிட்டால் மானம் போகும். அதைவிட, மாசிப் பௌர்ணமிக்கு மறுபடி எட்டரை மைல்.

"வேண்டிக்கலாமா?" என்றாள் ஆதிலட்சுமி, ரொம்பப் பரிவாக.

"வேண்டிக்கயேன். யாரு வேணாம்னாங்க?"

"நான் வேண்டிக்கிறேன். நீங்க மலையப் பாத்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும். அப்பதான் பலிக்கும்."

அவள் கண்ணை மூடி முணுமுணுத்து ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்தாள். நான் மேற்கே திரும்பி, மலையைப் பார்த்து, கைகூப்பி, "சரி" என்றேன். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. போனால் நூற்றெட்டுத் தேங்காய், மிஞ்சிப்போனால் மொட்டை. என் தலையில் மொட்டைக்கு அதிகம் வேலையில்லை.

மறுநாள் காலை காசி வந்து பானெட்டுக்குள் தலையை விட்டு எடுத்தான். அரைச் சுற்றுத்தான் சுற்றினான். வண்டி கிளம்பிவிட்டது. நான் காசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் நெளிந்தான். அடக்கம் என்று நினைத்தேன்.

மாசிப் பௌர்ணமி சாயங்காலம் மாமனார் புதுத் துண்டோடு வந்து முன் சீட்டில் ஏறினார். பச்சைக் காரைப் பார்க்கச் சந்தில் கூட்டம். நான் இஸ்திரி போட்ட சட்டையில், பளபளக்கும் செருப்போடு, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன். ஒன்பது வருஷத்தில் என் பாதம் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஆதிலட்சுமி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க."

"எதுக்கு?"

"வேண்டுதல். செருப்ப வுட்டுட்டு எறங்குங்க."

"என்ன வேண்டுதல்?"

"வண்டி கெளம்பிட்டா, இது ஓடற வரைக்கும் பௌர்ணமி தவறாம எங்க வீட்டுக்காரரு நடந்தே மலை சுத்துவாருன்னு வேண்டிக்கிட்டேன்."

"என்னக் கேக்காமலா?"

"உங்களக் கேட்டுத்தான். மலையப் பாத்து சரின்னு சொன்னீங்களே."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாப்ள, எனக்கோசரம் இப்படி ஒரு வேண்டுதலா? பெத்த புள்ள செய்யமாட்டான்."

"அப்ப வண்டிய யாரு ஓட்டறது?" என்றேன், கடைசியாகப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று.

குளித்து விபூதி பூசிய காசி எங்கிருந்தோ வந்து, என்னைப் பார்க்காமல், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். ஆதிலட்சுமி பின் சீட்டில், என் மெத்தை மேல், காலை நீட்டிச் சாய்ந்தாள்.

"நீ நடக்கல?"

"அப்பாவுக்குத் துணை வேணாமா? வீட்டுக்கு ஒருத்தர் நடந்தா போதுங்க."

நடந்தேன். கார் என் பின்னாலேயே வந்தது. நான் நின்றால் ஹாரன் அடித்தது. அந்த ஹாரனைச் சென்னையிலிருந்து வரவழைத்தவன் நான். வழியெல்லாம் மாமனார் தலையை வெளியே நீட்டி, "அதோ போறாரு பாருங்க, எங்க மாப்ள" என்று போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். வண்டி எங்கேயாவது நிற்காதா, ஒரு டயராவது வெடிக்காதா என்று எட்டரை மைலும் கும்பிட்டேன். எட்டு மாசம் பார்த்துப் பார்த்துத் தேய்த்த வண்டி, ஒரு இருமல் இல்லாமல் வந்தது.

மறுநாள் காலை மறுபடி வெந்நீர் வாளி. கொப்புளத்துக்கு மஞ்சள் பற்றுப் போடலாம் என்று நொண்டிக்கொண்டே சமையல்கட்டுக்குப் போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன். மிளகு அறையின் அடியில் கறுப்பாக ஒரு வட்டம். விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். கிரீஸ். என் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன், ஓட முடிந்த அளவுக்கு. அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஆதிலட்சுமி, மிளகுல எப்படி கிரீஸ் வந்துச்சு? நீயும் காசியும் சேந்துதானே அந்த ரோட்டர உருவி மூணு வாரம் இதுக்குள்ள வச்சிருந்தீங்க? இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

அவள் நிதானமாகக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"ஏன் கெழக்கால பாத்து சொல்ற?"

"மேக்க பாத்தா கண்ணு கூசுதுங்க."

மணி காலை ஏழரை. வெயில் அவள் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.