இழுவைப் படகு இன்று ஓடாது

ஜூலை நாலாம் தேதி என் படகு ஓடாது. ஓடவே கூடாது. இப்படி ஒரு தீர்மானம் போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து மனைவியைக் கேட்காமல் நான் போட்ட முதல் தீர்மானம்.

காரணம், கார்டி.

ஒரு காலத்தில் எங்கள் மினசோட்டா ஏரியில் நடக்கும் நீர்ச்சறுக்குக் காட்சிகளில் என் மனைவி மார்லிஸும் அவனும்தான் ஜோடி. படகு கயிறு கட்டி இழுக்க, இருவரும் கைகோத்தபடி தண்ணீர்மேல் பறந்து வருவார்கள். கரை முழுக்கக் கைதட்டல். பிறகு அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கைதட்டல் நின்றது. கார்டி அரிசோனாவுக்குப் போய்விட்டான். இப்போது மனைவியைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். அத்தனை வருஷம் பாலைவனத்தில் கிடந்தவனுக்கு என் ஏரிமேல் தாகம்.

"நாலாந்தேதி நானும் கார்டியும் சறுக்குறோம், ஆர்விட். நீ படகு ஓட்டு."

"இந்த வயசுலயா? முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"என் முட்டிக்கு ஒண்ணும் இல்லை. உன் மூஞ்சிதான் வீங்கியிருக்கு."

நாலாந்தேதி காலை அவள் அடுப்படியில் உருளைக்கிழங்கு சாலட் கிளறிக்கொண்டிருந்தாள். நான் படகுத்துறைக்கு நழுவினேன். பேட்டரி ஒயரைத் தளர்த்தினேன். அவள் வந்ததும் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. இன்னொரு தடவை. 'டிக்'.

"ஸ்டார்ட்டர் போயிடுச்சு மார்லிஸ். இன்னிக்குச் சுதந்திர தினம், கடையெல்லாம் லீவு வேற!"

"ஸ்டார்ட்டர் போனா விளக்கு எதுக்கு மங்குது?" மூடியைத் தூக்கினாள். எட்டிப் பார்த்தாள். முறுக்கினாள். எஞ்சின் உறுமியது. "ஒயர்தான் லூசு," என்றவள் என்னைப் பார்த்துவிட்டு, "ஒயர் மட்டுமான்னு தெரியலை," என்றாள்.

அவள் நீச்சலுடை மாற்றப் போனாள். நான் தண்ணீரில் இறங்கினேன். எஞ்சினைக் குளிர்விக்க ஏரித் தண்ணீரை உறிஞ்சும் துளை படகின் அடியில் இருக்கிறது. அதில் ஒரு பிளாஸ்டிக் பையைத் திணித்தேன்.

நாங்கள் இருவர் மட்டும் ஒத்திகைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சூடு காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது.

"ஐயோ, எஞ்சின் கொதிக்குது! திரும்பிடலாம். உயிர் முக்கியம்."

மார்லிஸ் படகின் பின்புறம் குனிந்தாள். "பின்னால தண்ணியே துப்பலை. உறிஞ்சுற இடத்துல அடைப்பு. எஞ்சினை அணை."

"பாசியா இருக்கும்."

அணைத்தேன். குதித்தாள். முங்கினாள். பையோடு எழுந்தாள்.

"நம்ம வீட்டு ரொட்டிப் பை. இந்த ஏரிப் பாசி நம்ம அடுப்படிக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கு போல."

நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் அழகாக இருந்தது.

"எஞ்சின்ல புகையே இல்லை, ஆர்விட். உனக்குள்ளதான் புகையுது."

இனி நுணுக்கத்துக்கு நேரமில்லை. இழுவைக் கயிறு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. எஞ்சினைக் கிளப்பி, ரிவர்ஸ் போட்டு, அதன்மேலேயே ஏற்றினேன். படகின் அடியில் சுழலும் விசிறி கயிற்றை வாரிச் சுருட்டிக்கொண்டு நின்றது.

"தானா சுத்திக்கிச்சு."

"தானாவா?"

"காத்து தள்ளிடுச்சு."

"நல்லாத்தான் கயிறு திரிக்கிறே."

கத்தியோடு மறுபடி முங்கினாள். கயிறு துண்டு துண்டாக வெளியே வந்தது. கயிறில்லாமல் சறுக்கலேது? என் இதயம் கைதட்டியது.

கரை சேர்ந்ததும் அவள் துறைப் பலகையில் ஈரம் சொட்ட உட்கார்ந்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆர்விட்."

"சொன்னா போகாம இருந்திருப்பியா?"

"போயிருப்பேன். ஆனா சந்தோஷமாத் திரும்பி வந்திருப்பேன்."

அவள் எழுந்து வீட்டுக்குள் போய்ப் போனில் யாரிடமோ பேசினாள். "நம்ம படகு வேண்டாம்" என்று மட்டும் என் காதில் விழுந்தது.

ஜெயித்தாயிற்று! ஒரு ஹாட் டாக்கைக் கடுகுச் சாந்தில் குளிப்பாட்டித் தின்றேன். ஏனோ கசந்தது.

மதியம் துறையில் ஹாரன் சத்தம். பளபளவென்று ஒரு வாடகைப் படகு. ஓட்டி வந்தவள் கார்டியின் மகள் கேரின். பக்கத்தில் கார்டி, கையில் புதுக் கயிறு. தலை நரைத்திருந்தது. தோள் மட்டும் நரைக்கவில்லை.

மார்லிஸ் ஏறினாள். திரும்பினாள். "நீயும் ஏறு ஆர்விட்."

"நான் எதுக்கு? அதான் கேரின் ஓட்டுறாளே."

"ஓட்டுறவ முன்னால பாக்கணும். எங்களைப் பாத்துக்க ஒரு ஆள் பின்பக்கம் திரும்பி உக்காரணும். சட்டம்."

கார்டி என் முதுகில் அன்பாகத் தட்டினான். "உன் படகு ஓடியிருந்தா இந்தத் தொல்லையே உனக்கு இல்லை. நீ நிம்மதியா முன்னால பாத்து ஓட்டியிருப்பே. கேரின் பின்னால உக்காந்திருப்பா."

ஏறினேன். கரையில் ஊரே கூடியிருந்தது. கயிறு விறைத்தது. இருவரும் தண்ணீரிலிருந்து ஒன்றாக எழுந்தார்கள். கைகள் கோத்துக்கொண்டன. மார்லிஸ் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் மெதுவாக முகத்தைக் கரைப் பக்கம் திருப்பினேன்.

"அங்கிள்," என்றாள் கேரின், "கண்ணை எடுக்காதீங்க. அவங்களைப் பாக்கத்தானே உங்களை ஏத்தியிருக்கோம்."