தங்கள் வளவிலுள்ள பலா அடிக்கட்டை தொடர்பாக

காற்று அடித்தால் மரம் விழும் என்றொரு நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் பரவலாக உண்டு. படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள். உண்மையில் காற்றால் ஒரு பலாவைச் சாய்க்க மட்டுமே முடியும். விழுத்துவதற்கு அரசாங்கக் கந்தோரின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

அந்தக் குறுகிய ஒழுங்கையில் இதை அறிந்திருந்தவர் முத்துக்குமாரு ஒருவரே. முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். கார்த்திகைப் புயலில் ஐந்து வீட்டுப் பலாக்கள் அடியில் முறிந்து சாய்ந்தன. மற்ற நான்கு வீட்டாரும் அலவாங்கால் அடிக்கட்டையைக் கிண்டி, அடுப்பில் வைத்து, மறந்தும் போனார்கள். முத்துக்குமாரு கடிதம் எழுதினார்.

அவருடைய கட்டை படலைக்கும் வீட்டுக்கும் நடுவழியில் நின்றது. மனைவி கமலாவதிக்கு அண்மையில்தான் முழங்காலில் சத்திரசிகிச்சை. கிளினிக்குக்குப் போக ஓட்டோ முற்றம்வரை வரவேண்டும். கட்டை விடவில்லை.

"இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டு வாகீசன் அரைமணித்தியாலத்திலை கிண்டிப்போட்டான். நீங்கள் என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?"

"அவனுக்குச் சட்டம் தெரியாது."

"அவன்ரை வாசல்மட்டும் ஓட்டோ போகுது."

கந்தோரில் கோபிகா என்ற இளம் உத்தியோகத்தர் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார்.

"ஐயா, மரம் தறிக்கத்தான் படிவம் இருக்கு. கட்டைக்கு இல்லை."

"அப்ப மரம் எண்டே எழுதட்டோ?"

"மரம் எண்டால் நாங்கள் வந்து பாக்கேக்கை நிக்கவேணும்."

"அதைக் காத்தெல்லோ பிள்ளை விழுத்தினது."

"காத்து அனுமதி எடுத்ததோ ஐயா?"

முத்துக்குமாருவுக்குக் கோபம் வரவில்லை. தாம் கதிரையில் இருந்த காலத்தில் தாமே கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. கந்தோர் கெட்டுப்போகவில்லை என்ற மனநிறைவோடு வீடு திரும்பினார்.

அந்த மாதம் கந்தோர்களில் 'பசுமை மீட்சி' நடந்துகொண்டிருந்தது. பச்சை ரீசேட்டுகள் வந்துவிட்டன, பதாகை வந்துவிட்டது, மீட்பதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை. முத்துக்குமாருவின் கடிதம் அந்தக் குறையைத் தீர்த்தது. புயல் நிவாரணத்துக்குப் பதிந்த பட்டியலில் பலா என்று எழுதிய வீடுகளுக்கெல்லாம் அறிவித்தல் போனது: அடிக்கட்டைகள் பரிசோதிக்கப்பட்டு, இலக்கமிடப்பட்டு, படம்பிடிக்கப்படும், கட்டையைக் காட்டத் தவறுவோர் அனுமதியின்றி மரம் தறித்தவராகக் கருதப்படுவர்.

அன்று பின்னேரமே வாகீசன் வந்தான்.

"முத்தண்ணை, உங்கடை கட்டையை ஒருக்காத் தாறியளோ? நாளைக்கு எங்கடை வளவுக்கு வருகினமாம்."

"உன்ரை எங்கை?"

"அதிலை புட்டவிச்சு முடிஞ்சுது அண்ணை."

முத்துக்குமாரு யோசித்தார். அகற்றுவதற்கு அனுமதி வேண்டும்; அதில் மாற்றமில்லை. ஆனால் இது அகற்றல் அன்று, தற்காலிக இடமாற்றம். உத்தியோகத்தர்களுக்கு உள்ளது கட்டைக்கு ஏன் இருக்கக்கூடாது? வாகீசனிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு சம்மதித்தார். நான்கு வீட்டாரும் நான்கு அலவாங்கோடு வந்தார்கள். அரைமணித்தியாலத்தில் கட்டை வெளியே வந்தது, குழியையும் மூடிவிட்டார்கள். அந்த வாரம் கமலாவதி முற்றத்திலேயே ஓட்டோ ஏறினார்.

கட்டை நான்கு நாளில் நான்கு வளவில் நின்று நான்கு இலக்கம் பெற்றது. பழைய இலக்கத்தை ஒவ்வொரு நாளும் இரவல் வாங்கியவரே சுரண்டி எடுத்தார். மூன்றாம் நாள் கோபிகா அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"இந்த ஒழுங்கைப் பலா எல்லாம் ஒரே சாதி போலை."

"ஓம் பிள்ளை, ஒரே மண்தானே," என்றான் கூட வந்த வாகீசன்.

ஐந்தாம் நாள் முத்துக்குமாருவின் முறை.

"போனது போனதுதான். கட்டை இல்லையெண்டு சொல்லிவிடுங்கோவன்," என்றார் கமலாவதி.

"கட்டை நிக்குதெண்டு கடிதம் குடுத்தவனே நான். இப்ப இல்லையெண்டால் நான் பொய்யனெல்லோ."

அதே நடுவழியில் குழி தோண்டிக் கட்டையை நட்டார்கள். கோபிகா ஐந்தாம் இலக்கத்தை இட்டுவிட்டுக் காலால் ஒருதரம் தள்ளிப் பார்த்தார். கட்டை ஆடியது. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அடிக்கட்டையை அகற்றுவது தொடர்பான விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்றும், தீர்மானம் கிடைக்கும்வரை ஆடாதவாறு அதைச் சுற்றிக் கொங்கிறீற் இடவேண்டும் என்றும் அதில் இருந்தது. வசனம் பிழையின்றி இருந்ததை முத்துக்குமாரு கவனித்தார். கொங்கிறீற்றுக்கு ஏழு நாள் தாமே தண்ணீர் ஊற்றினார்.

அடுத்த கிளினிக் நாளன்று ஓட்டோ படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்றது. கமலாவதி பாதிவழியில் ஐந்தாம் இலக்கத்தின்மேல் சற்று அமர்ந்திருந்து, முழங்காலைத் தடவிவிட்டு, எழும்பிப் போனார்.