மூன்று சிவப்பு நூல்

"விரிசல் எங்கங்க இருக்குது? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார் பழைய புகைக்கும் பைப்பு ஒன்றை விலைக்கு வாங்க வந்திருந்த அன்பரசு.

கிளமெண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செய்யார் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், புகையிலைப் பைப்புகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்ப்பவர், அவருக்கே தெரியவில்லை என்றால் ஒட்டிய கை யாருடைய கை!

"இருக்குது சார். மொத்தம் மூணு பழுது. மறைச்சு விக்கிற பழக்கம் நம்மகிட்ட கிடையாது."

பட்டு நெய்யும் சேவூருக்கே இது தெரியும். தறியில் பழுது விழுந்து சரிசெய்த இடத்துக்கு நேராக, புடவைக் கரையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டித்தான் கிளமெண்ட் கடைக்கு அனுப்புவார். நூல் இல்லாத புடவை என்றால் முதலாளிகள் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள், அப்படியே வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பெயருக்குத் துளி களங்கம் வந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

பெரியப்பா இன்னாசிமுத்து பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பைப்புக்கும் அதே சட்டம்தான். அதன் காம்பில் மூன்று சிவப்பு நூல்கள் தொங்கின.

"புகையிலை வெக்கிற கிண்ணத்துல விரிசல், அரக்கு வெச்சு அடைச்சேன். காம்பு ஒடிஞ்சுது, வஜ்ஜிரம் போட்டு ஒட்டினேன். வாய் வெக்கிற இடத்தைப் பெரியப்பா கடிச்சே ஓட்டை போட்டுட்டாரு, அதையும் அடைச்சேன்."

அன்பரசு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். அவர் முகம் மாறியது.

"நல்லா இருக்கிற பைப்பைப் பத்தி எதுக்குங்க இல்லாததெல்லாம் சொல்றீங்க?"

கிளமெண்டுக்குச் சுருக்கென்றது. வாழ்நாளில் முதன்முறையாக ஒருவர் அவரைப் பொய்யர் என்கிறார். அதுவும் உண்மையைச் சொன்னதற்கு!

டீ கொண்டுவந்த மனைவி ஜாய்ஸ், "என்னாங்க, அவரே நல்லா கீதுன்னு சொல்றாரு. ஜல்தியா குடுத்து அனுப்புங்களேன்" என்றாள்.

"நீ சும்மா இரு. பேரு கெட்டுகினு இருக்குது இங்க. போய் வெந்நீர் கொண்டா. சூடு பட்டா அரக்கு இளகிடும், சார் கண்ணால பாக்கட்டும்."

ஜாய்ஸ் வெகுநேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். கிளமெண்ட் முறைத்துவிட்டு, தானே அடுப்படிக்குப் போய்க் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து கிண்ணத்தில் ஊற்றினார்.

அரக்கு இளகவில்லை. ஒரு பொட்டு கசியவில்லை.

கிளமெண்டே ஒரு கணம் அசந்துதான் போனார். அடுத்த கணம் நெஞ்சு நிமிர்ந்தது.

"காம்பைப் புடிச்சு இழுங்க சார். நல்லா இழுங்க!"

அன்பரசு பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். காம்பு அசையவில்லை. அவர் பைப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க. பழுது பார்த்ததே தெரியாத மாதிரி ஒரு வேலையை நான் எங்கயும் பார்த்ததில்ல."

"பட்டு இழையை இழையோட சேர்க்கிற கை சார் இது. மரமெல்லாம் எம்மாத்திரம்?" சொல்லும்போது கிளமெண்டுக்குக் கண் கலங்கியது.

அன்பரசு காருக்கு ஓடினார். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. உள்ளே உடைந்ததும் பிளந்ததுமாகப் பைப்புகள்.

"யார்கிட்டயும் நம்பிக் குடுக்காம வெச்சிருந்தேன். இதெல்லாம் எங்கப்பாவோடது. நீங்கதான் சரிபண்ணணும்."

"என்னாங்க..." என்று ஜாய்ஸ் இழுத்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வாங்க சார். இதே மாதிரி இருக்கும். கிளமெண்ட் வாக்கு" என்றார் அவர், பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

மூன்று நூல்களோடு பைப்பைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு அன்பரசு கிளம்பினார். கார் தெருமுனை திரும்பும்வரை கிளமெண்ட் வாசலிலேயே நின்றார்.

"பார்த்தியா ஜாய்ஸ்? ஒரு பழுதைக்கூட மறைக்காம வித்தேன். உண்மைக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தியா?"

ஜாய்ஸ் அட்டைப் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரியப்பா பைப்பு நீங்க ஒட்டின மறுவாரமே, நான் தூசு தட்டும்போது மூணா கழண்டு வந்துடுச்சுங்க, நீங்க மனசு ஒடைஞ்சுடுவீங்கன்னு வேலூர் பழைய சாமான் கடையில அதே மாதிரி ஒண்ணு வாங்கியாந்து வெச்சேன், பழுதை மறைச்சா உங்களுக்குப் புடிக்காதேன்னு அந்த மூணு நூலை மட்டும் மறக்காம அவுத்து அதுல கட்டிட்டேன்."