தனுஜாவுக்கு மாடி அறை கேட்டு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை புவனேஸ்வரன் அவர்களுக்கு, ஜார்ஜ்டவுன் பாத்திரக்கடை பக்கிரிசாமி வணக்கத்துடன் எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாடகைக்குக் கேட்டு வந்த உங்கள் வீட்டு மாடி அறை தனுஜாவுக்குக் கிடைக்காமல் போனது என்னால்தான். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இங்கே நாங்கள் சுகம். அங்கே தங்கை ரமணியின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் ஏழு நிமிஷம் என்று பார்த்ததும் மூடிவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதம்.

நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். "பேரென்னம்மா?" என்றாள் ரமணி. "தனுஜா" என்றேன் நான். "எங்க வேல?" "இங்கதான், பாயான் லெப்பாஸ் பேக்டரியில, ஷிப்டு வேல" என்றேன். "சமைச்சுக்குவியா?" "பிரமாதமா சமைக்கும்" என்றேன். கடைசியில் நீங்கள் பொறுக்கமாட்டாமல், "ஏம்மா, உனக்கு வாய் பேச வருமா வராதா?" என்று கேட்டீர்கள். அதற்கும் நான்தான், "நல்லா பேசும் மாப்பிள்ள" என்றேன். பதில் சொல்லக்கூட ஆள் வேண்டியிருக்கும் பெண் தனியாக எப்படி இருக்கும் என்று நீங்கள் நினைத்ததில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

என் கடை மாடி விஷயம் உங்களுக்குத் தெரியும். காப்பகங்களில் வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியே வரும் பெண்பிள்ளைகள் நாலு பேரை ஒரு சங்கத்தார் அங்கே தங்கவைத்து, சமைக்க, சம்பளத்துக்குள் செலவு செய்ய, தனியாகக் குடித்தனம் நடத்தப் பழக்குகிறார்கள். பார்த்துக்கொள்ள வள்ளியம்மா என்ற அம்மாள் வந்து போகிறார். கேட்டால் ஒழிய உதவி செய்யக்கூடாது என்பது அவர் எனக்குப் போட்ட சட்டம். இந்த மாதக் கடைசியோடு தனுஜாவின் முறை முடிகிறது. அவள் கட்டிலுக்கு நிபோங் திபாலில் இன்னொரு பிள்ளை காத்திருக்கிறது.

வியாபாரி நான், சரக்கில் உள்ள குறையை முதலில் சொல்லித்தான் விற்பேன். வந்த புதிதில் தனுஜாவுக்கு நாற்பது பேருக்குத்தான் சமைக்கத் தெரியும். காப்பகத்து அடுப்படியில் பழகிய கை. முதல் நாள் அவள் வைத்த சாம்பாரைப் பக்கத்துத் துணிக்கடை ஆட்கள் மூன்று வேளை சாப்பிட்டார்கள். நாலாம் வேளை முதலாளி ஹபீப் முகம்மதே வந்து, "அண்ணே, போதும் லா" என்று கெஞ்சினார். அப்புறம், வெளியே கிளம்பினால் கடை வாசலில் வந்து "போய்ட்டு வரட்டா மாமா?" என்று நிற்பாள். "எங்கிட்ட ஏன் கேக்குற, நீ என்ன சின்னப் பிள்ளையா?" என்று விரட்டுவேன். ஒருநாள் கேட்காமலே போய்விட்டாள். அன்றிலிருந்து நான் கல்லாவை விட்டு எழுந்துபோய், "எங்கம்மா போற?" என்று கேட்க ஆரம்பித்து, வள்ளியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன வருஷம் மாடிக் குழாய் உடைந்து தண்ணீர் என் குத்துவிளக்குப் பெட்டிகள் மேல் ஊற்றியது. ஓடினால் படியில் வள்ளியம்மா. "கூப்பிட்டாங்களாண்ணே?" "தண்ணி என் கடைக்குள்ள கொட்டுது!" "அது தெரியுது. கூப்பிட்டாங்களா?" நனைந்துகொண்டே நின்றேன். மேலே தனுஜா மெயின் குழாயை அடைத்து, ஆளை வரவழைத்து, அவன் கேட்ட கூலியைப் பேசிக் குறைத்து, வேலை முடிந்ததும் மாப்பும் வாளியுமாக என் கடைக்குள் வந்து துடைத்தாள். நான் கூப்பிடவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, மனசு மாறுங்கள். மாத வாடகை நானூறு வெள்ளி கேட்டீர்கள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் சம்மதிக்கிறேன். ஜாமீன் நிற்கிறேன். தினமும் வந்து பார்த்தும் கொள்கிறேன்.

தண்ணீர்மலை முருகன் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

அன்புள்ள மைத்துனன்,
பக்கிரிசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டும்போது தனுஜா வந்தாள். "நேத்து ஷிப்டு முடிஞ்சதும் நானே போய்ப் பேசிட்டேன் மாமா. ரூம் கிடைச்சிருச்சு" என்றாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே!" "சொன்னா நீங்களும் வருவீங்க லா." உங்களுக்கும் தெரியும், ரமணிக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. முந்நூற்றைம்பது வெள்ளி, கரண்டு தனி, ஒரு மாத முன்பணம் அவளே கட்டிவிட்டாளாம். ஜாமீன் வேண்டாமாம். எனக்கும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்: வருவதானால் முதலில் போன் செய்து அவளைக் கேட்க வேண்டும், அவள் சரி என்றால் வரலாம், வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சம்மதித்துவிட்டேன்.