குடலெடுத்த கொலைக் கதைகள்

எத்தாளை,
வியாழக்கிழமை, பிள்ளை உறங்கின பிறகு.

அன்பும் பாசமும் நிறைந்த றஜிதா அக்காவுக்கு,

தங்கச்சி அஜித்தா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் மகனும் இவரும் மாமியும் சுகம். சிலாபத்தில் நீங்களும் அத்தானும், ஐந்து மாதமாக உங்கள் வயிற்றில் குடியிருப்பவரும் அப்படியே சுகமாக இருக்கத் தலவில் கோயில் அன்னம்மாளை மன்றாடுகிறேன். பிள்ளைப்பெத்த வீட்டில் பொழுது போகாது, வாசித்துவிட்டு ஒவ்வொன்றையும் பற்றி அபிப்பிராயம் எழுது என்று ஆறு மர்ம நாவல்களைக் கொடுத்தனுப்பினீர்களே, அதற்கான பதில் இது. வட்ஸ்அப்பில் இவ்வளவையும் ஒரு கையால் தட்ட முடியாது, மற்றக் கையில் எப்போதும் மகன் இருப்பான். சனிக்கிழமை இவர் வலைச்சாமான் வாங்கச் சிலாபம் வருகிறபோது புத்தகங்களையும் இந்தக் கடிதத்தையும் கொண்டுவந்து தருவார்.

அக்கா, கோபிக்க வேண்டாம். முந்தாநாள் வரைக்கும் அவ்வளவும் ஒரு சதத்துக்கும் உதவாத புத்தகங்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முதலாவதில் ஒரு பெரிய பங்களா. எட்டுப் பேர் விருந்துக்கு வருகிறார்கள், சூப் குடிக்கிறார்கள், பக்கத்தைத் திருப்பினால் எல்லாரும் கறுப்பு உடுப்போடு நின்று அழுகிறார்கள். ஏன் அழுகிறார்கள் என்று எழுத்தாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சூப்பில் உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் ஏழு பேர்தான் இருக்கிறார்கள், எட்டாவது ஆள் வேலை இருக்கிறதென்று நேரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டாவதில் ஒரு இன்ஸ்பெக்டர் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, நேற்றிரவு எங்கே இருந்தாய், எங்கே இருந்தாய் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார். நீ எதற்கு வந்தாய் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தால் மாமி கதிரை கூடக் கொடுக்க மாட்டா. மூன்றாவதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. ஒரு டொக்டர், மனைவியில் உயிரையே வைத்திருக்கிறார், தானே பால் ஆற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறார். கடைசியில் அந்தத் தங்கமான மனுசனுக்கு ஆயுள் தண்டனை! என்ன குற்றத்துக்கென்று தெரியாமலே நான் ஒரு பின்னேரம் முழுக்க அவருக்காக அழுதேன்.

பக்கம் குறைகிறதா என்று பார்க்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். பால் கொடுத்துக்கொண்டு அரை நித்திரையில் வாசிக்கிறவளுக்குப் பக்க எண் எங்கே தெரியும்? அதோடு, எழுதாமல் விட்ட இடத்தை வாசகர்தான் நிரப்ப வேண்டும் என்று கம்பஸில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நானும் விட்டுக்கொடுக்காமல் நிரப்பிக்கொண்டே போனேன். இன்னொரு விசேஷம், கத்தியும் இரத்தமுமாக இருந்த அட்டைகளைப் பிள்ளை பார்த்தால் பயப்படும் என்று சொல்லி, மாமி பழைய கோயில் கலண்டர் தாளால் ஆறுக்கும் உறை போட்டுத் தந்திருந்தா. ஆறிலும் மாதா படம். மிட்வைஃப் மிஸ் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு பக்தியான தாயை நான் இந்தப் பக்கத்தில காணல்ல" என்று சொல்லிவிட்டுப் போனா.

கொலை கிடைக்காவிட்டாலும் படிப்பினை கிடைத்தது, அக்கா. எல்லாக் கதையிலும் கடைசியில் பிடிபடுகிறவர் யார்? ஆகலும் அன்பாக இருந்தவர். பால் கொண்டுவந்து கொடுத்தவர். இதை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் வாசலில் மாமி நிற்பா, கையில் ஒரு கப் பால். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாமி, எனக்குப் பத்தியச் சரக்கு அரைப்பது மாமி, ஒரு நாளாவது முகம் சுளித்தது கிடையாது. இப்படியும் ஒரு மாமியார் உலகத்தில் இருப்பாவா? கோயிலில் துக்க மணி அடித்தால் ஓடிப்போய் ரேடியோவைக் கூட்டி வைப்பா. அது பிள்ளை பெத்த பச்சை உடம்புக்காரியின் காதில் சாவுச் செய்தி விழக்கூடாது என்கிற எங்கள் பக்கத்து வழக்கம், எனக்கும் தெரியும். ஆனால் நான் குசினிக்குள் போனதும் மாமியும் பக்கத்து வீட்டு நிஃப்லாவும் கதையை நிறுத்துவது ஏன்? மாமி ஒரு பிஸ்கட் டின்னைச் சேலைத் தலைப்பால் மூடுவது ஏன்? திங்கட்கிழமை எனக்கு லீவு முடிகிறது, நுரைச்சோலைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். நாலு மாதப் பிள்ளையை மாமியிடம்தான் விட்டுப்போக வேண்டும். விடலாமா விடக்கூடாதா என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். உள்ளே மாமியின் குரல்.

"பாலிலதான் கலந்து குடுத்திருக்கு, நிஃப்லா. ரெண்டு மடக்குத்தான் குடிச்சது. ஆள் முடிஞ்சுது."

"யா அல்லா! சத்தம் போடல்லையா மாமி?"

"எங்க சத்தம்? தலையணையை வைச்சு அமத்தியாச்சு."

"வீட்டில ஒருத்தருக்கும் வெளங்கல்லையா?"

"வெளங்கினா விடுவாங்களா? எல்லாம் வடிவா மறைச்சாச்சு. இனி அந்தச் சின்னப் பிள்ளைதான் மிச்சம்." பிறகு அதே வாயால், தேன் சொட்டுகிற குரலில், "மகள் அஜித்தா! பால் மேசையில ஆறுது, குடிச்சிட்டுப் படுங்க!"

அக்கா, அந்த நேரமே உங்களுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. இவர் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார், அவர் என்றைக்குப் போனை மடியில் வைத்திருந்தார்? ஆனாலும் படித்தவள் அல்லவா, ஆதாரம் இல்லாமல் ஒருவரைக் குற்றம் சொல்லக்கூடாது என்று பாலை ஒரு சிரட்டையில் ஊற்றிப் பூனைக்கு வைத்தேன். அது ஒரு சொட்டு மிச்சம் விடாமல் நக்கிக் குடித்தது, அலுமாரிக்குக் கீழே போனது, நாலு காலையும் நீட்டியது, விழுந்தது. நான் கூப்பிட்டேன், அசையவில்லை. வாலை இழுத்தேன், அசையவில்லை. அதற்குப் பிறகு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு "ஐயோ, பூனை போச்சு, அடுத்தது நாங்கள்தான்!" என்று கத்திக்கொண்டு கரைக்கு ஓடினதை எத்தாளை முழுக்கப் பார்த்தது. வலையைப் போட்டுவிட்டு இவர் ஓடி வந்தார், கையில் படகுச் சுக்கானோடு பஸ்தியான் அண்ணன் ஓடி வந்தார், பின்னால் பத்துப் பேர் வந்தார்கள். எல்லாரும் வீட்டுக்குள் நுழைகிற நேரம் பூனை எழும்பி, வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டு, இன்னும் பால் இருக்கிறதா என்று மாமியின் காலைச் சுற்றியது.

"என்னப்பா, பூனைக்கு நித்திரை வந்ததுக்கு ஊரைக் கூட்டுறீரா?" என்று இவர் கேட்டார். நான் கேட்டதையெல்லாம் அழுதழுது சொன்னேன். மாமி உள்ளே போய் அந்தப் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. திறந்தால் கருவாட்டு மணம். உள்ளே ஆறு புத்தகத்தின் கொலைப் பக்கங்களும் இருந்தன. மீன் வெட்டுகிற சின்னக் கத்தியால், ஒரு கிழிசல் இல்லாமல், குடலெடுப்பது மாதிரி எடுத்திருக்கிறா. நான் இத்தனை நாளும் வாசித்தது குடலெடுத்துக் கழுவிக் காயவைத்த கதைகள்!

"பச்சை உடம்புக்காரிக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது, மகள். நீங்க வாசிக்கிற ஒவ்வொரு புத்தகத்திலயும் மூணு நாலு சாவு. நான் எப்படி விடுறது? பால் வத்திப் போகாதா?"

"நாலு மாதமாகுது மாமி, இன்னும் என்ன பச்சை உடம்பு? அதோட அது கதைதானே!"

"கதையெண்டாலும் செத்தது செத்ததுதானே?"

"அப்ப எரிச்சிருக்கலாமே?"

"எரிக்கத்தான் எடுத்தன். அடுப்பில வைக்க முந்தி ஒரு வரி பாத்தன். பிறகு எப்படியம்மா எரிக்கிறது? அந்த மனுசன் அரை உயிரோட கிடக்கிறான்!"

அக்கா, யார் செத்தது, எப்படிச் செத்தது என்று மாமிக்கும் நிஃப்லாவுக்கும் தெரியும். யார் செய்தது என்று தெரியாது. எனக்கு யார் பிடிபட்டது என்று தெரியும்; எதற்கென்று தெரியாது. அன்று பொழுதுபடும் வரைக்கும் மூன்று பேரும் பாயில் இருந்து கணக்குத் தீர்த்தோம். "அந்த டொக்டரா? சீ, நாசமாப் போனவன்!" என்று நிஃப்லா வாயில் அடித்துக்கொண்டா. நான் அழுத கண்ணீரையெல்லாம் திரும்பக் கேட்கலாம் போல இருந்தது. கடைசியில்தான் தெரிந்தது, ஆறு கதையிலும் மாமி சந்தேகப்பட்டது மருமகளை. மருமகளே இல்லாத கதையில் கூட, எங்கேயோ ஒரு மருமகள் ஒளிந்திருப்பாள் என்று நிஃப்லாவிடம் சொல்லியிருக்கிறா. நான் சந்தேகப்பட்டது யாரை என்று உங்களுக்குத் தெரியும். "நீங்க ரெண்டு பேரும் ஒரு குசினியில சமைக்கிறீங்க, நான் அதைச் சாப்பிடுறன். என்ர தைரியத்தை யாராவது எழுதினீங்களா?" என்று இவர் கேட்டார்.

இனி இந்த வீட்டில் அஜித்தா வாசிக்கிற ஒரு புத்தகத்திலும் கை வைக்க மாட்டேன் என்று மாமி அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணியிருக்கிறா. சோற்றுப் பசையால் பக்கங்களைத் தன் கையாலேயே திரும்ப ஒட்டித் தந்தா. திங்கட்கிழமை மகனை மாமியிடம்தான் விட்டுப்போகிறேன், அக்கா. கடுதாசியில் செத்தவர்களின் செய்தி கூட என்னிடம் வந்து சேராமல் காவல் இருந்த மனுசி, என் பிள்ளையின் பக்கத்தில் ஒரு நுளம்பையாவது கடிக்க விடுவாவா? அதை யோசித்தபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இப்போது உண்மையான அபிப்பிராயம். பக்கங்களை ஒட்டின பிறகு ஆறாவதைத்தான் முழுதாக வாசித்தேன், அதுதான் புத்தகம்! ஒரு பணக்கார மனுசி தனியே இருக்கிற வீடு, வெளியே மழை. வேலைக்காரி விடிய வந்து கதவைத் தட்டுகிறாள், பதில் இல்லை. தள்ளித் திறந்தால், கட்டிலில் அந்த மனுசி கிடந்த கிடை இருக்கிறதே, அக்கா, கழுத்தில்

என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஆறுதலாகத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிறார். அந்தச் சகோதரனை நான் கடைசி வரைக்கும் சந்தேகப்படவில்லை. கட்டாயம் வாசியுங்கள். இன்னும் ஆறு இருந்தால் இவரிடம் கொடுத்தனுப்புங்கள், இந்த முறை மூன்று பேர் காத்திருக்கிறோம்.

அத்தானுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பாரம் தூக்க வேண்டாம். அன்னம்மாள் உங்களைச் சுகமாகப் பெற்றுப் பிழைக்க வைக்கட்டும்.

என்றும் உங்கள் தங்கச்சி,
அஜித்தா

பி.கு: மகள் றஜிதாவுக்கு மாமி கத்தரினா எழுதுறது. கருவாட்டுப் பார்சலுக்குள்ள வைக்கக் கடிதத்தை எடுத்தன், வாசிக்கவேணும் எண்டு வாசிக்கல்ல, கண்ணில பட்டது. நடுவில ஒரு தாளைக் காணல்ல எண்டு தேட வேண்டாம், அது என்னட்ட இருக்கு. வயித்துப்பிள்ளைக்காரி அப்படியானதை வாசிக்கக் கூடாது. புத்தகத்தில ஒட்டின பக்கங்களையும் திரும்பக் கழட்டிட்டன். நான் சத்தியம் பண்ணினது அஜித்தா வாசிக்கிற புத்தகத்துக்குத்தான், இனி அதுகளை வாசிக்கப்போறது நீங்க. பெத்து, பிள்ளை பால் மறந்த பிறகு வாங்க, எல்லாம் டின்னில பத்திரமா இருக்கும். ஆனா அந்தப் பணக்கார மனுசியைக் கொலை செஞ்சது சகோதரன் இல்லை, மருமகள்தான். புத்தகத்தில பிழையா அடிச்சிருக்கு.