சத்தம் போடாத மிஷின்

பித்தளை அச்சில் மகாலட்சுமியின் கிரீடத்துக் கடைசிக் கல்லை மிஷின் செதுக்கிக்கொண்டிருந்தபோது, துருவலை உறிஞ்சிக்கொண்டிருந்த வேக்கம் கிளீனர் ஒரு தடவை இருமி, கருகிய வாடையை விட்டுவிட்டு ஓய்ந்துபோனது. இக்பால் ஓடிப்போய் என்கிரேவிங் மிஷினை நிறுத்துவதற்குள், உறிஞ்ச ஆளில்லாத பித்தளைத் துருவல் குழிக்குள் குவிந்து, மெல்லிய ஊசி படக்கென்று ஒடிந்தது.

"அது வீடு கூட்டுறதுக்கு வாங்குனது," என்றாள் மனைவி மெகருன்னிசா, அடுப்படி வாசலில் நின்றபடி. "நாள் முழுக்க ஓட விட்டா அது என்ன செய்யும்?"

விருதுநகரில் அவர்கள் இருந்த வாடகை வீட்டின் முன்னறைதான் இக்பாலின் பட்டறை. சிவகாசிக் காலண்டர்களுக்குத் தங்க ஃபாயில் அடிக்கும் பித்தளை அச்சுகளை அங்கேதான் செதுக்கினான். இந்த வருஷம் நவநீதகிருஷ்ணன் என்ற அச்சக முதலாளி தன் மொத்த ஆர்டரையும் அவனை நம்பிக் கொடுத்திருந்தார். ஆடிப் பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாக வேண்டும். அச்சு தவறினால் ஆர்டர் கைமாறிவிடும். பிறகு அவர் வாசலை மிதிக்க முடியாது.

ஆகவே நல்ல வேக்கம் ஒன்று வேண்டும். இதில் வருத்தப்பட வேண்டிய இக்பால், உண்மையில் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தான். ஒரு மிஷின் வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டால் அவன் கல்யாண வீட்டு மாப்பிள்ளையாகிவிடுவான். சாப்பிடும்போதும் ஒரு கையில் போன். அதில் யாராவது ஒருவர் வேக்கத்தைப் பிரித்துப் போட்டு விளக்கிக்கொண்டிருப்பார். மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறி, டிரம் அளவு ஒரு வேக்கத்தோடு திரும்பினான்.

உறிஞ்சியதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது போட்ட சத்தத்தில் அலமாரியில் இருந்த டம்ளர்கள் நடக்க ஆரம்பித்தன. மெகருன்னிசா அவனிடம் கைஜாடையில் பேசப் பழகிக்கொண்டாள். காது இரண்டும் ரீங்கரித்தாலும், ஊசி ஒடியாமல் வேலை ஓடியது.

அந்த வாரமே மாடியிலிருந்து யோகலட்சுமி இறங்கி வந்தாள். வீட்டுக்காரர் காமராஜ் அண்ணாச்சியின் மனைவி. ஒரு கிண்ணம் நிறைய அதிரசத்தைக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

"நாளைக்குப் பாய் எப்ப மிஷின் போடுவாக?"

இக்பாலுக்குச் சுருக்கென்றது. இதைவிட நாகரிகமாக ஒருத்தர் புகார் சொல்ல முடியுமா? அண்ணாச்சி சாதாரண வீட்டுக்காரர் இல்லை, தெருச் சங்கத் தலைவர். அவர் முகம் கோணினால் பட்டறையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? நேராக மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். மாடிப்படிக்கு அடியில் பூட்டிக்கிடக்கும் சின்ன அறையைக் கொடுத்தால் மிஷினை அதற்குள் வைத்து, நீள டியூப் போட்டுக்கொள்வதாகவும், அதற்குப் பிறகு சத்தமே வெளியே வராது என்றும் சொன்னான்.

அண்ணாச்சி பதறிப்போனார். "அங்கன பழைய சாமி படமெல்லாம் கிடக்கு பாய். அதை யாரும் தொடக் கூடாது. சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது, இதே மிஷின் போதும். எதுக்கு வீண் செலவு?"

இப்படியும் ஒரு பெருந்தன்மையா என்று இக்பால் நெகிழ்ந்துபோனான். நெகிழ்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம். பலகையில் ஒரு பெட்டி அடித்து, உள்ளே பழைய மெத்தைப் பஞ்சை அடைத்து, வேக்கத்தை அதற்குள் இறக்கினான். சூடு போவதற்கு ஒரு குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டான். அது போய் முடிந்த இடம் தெருக்குழாய்க்குப் பக்கம்.

பெட்டிக்குள் போன வேக்கம் கத்துவதை விட்டுவிட்டு, உம்ம் என்று முனக ஆரம்பித்தது. இக்பால் மெகருன்னிசாவை அழைத்து நிறுத்தி, "கேட்டியா, கேட்டியா?" என்று கேட்டான். அவள் கேட்கவில்லை என்றாள். அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

கேட்டது எதிர்வீட்டுப் பொன்னுத்தங்கத்துக்கு. அன்று தண்ணீர் வருகிற நாள்.

அந்தத் தெருவில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். அன்றைக்கு எந்த வீட்டுக் கல்யாணமும் இரண்டாம்பட்சம். குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் அடுத்த வீடுகளுக்குச் சொட்டுத்தான் போகும். அதனால் யாரும் மோட்டார் வைக்கக் கூடாது என்பது தெருச் சங்கத்தின் கட்டளை. பொன்னுத்தங்கத்தின் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிர் ஜன்னலிலிருந்து ஒரு குழாய் இறங்கியிருக்கிறது. உள்ளே உம்ம் என்று ஒரு முனகல். அவளுக்கு வேறு சாட்சி எதற்கு?

கால்மணி நேரத்தில் தெருவே காலிக் குடத்தோடு பட்டறை வாசலில் நின்றது.

"இது தண்ணி உறிஞ்சுறது இல்லக்கா, தூசி உறிஞ்சுறது," என்றான் இக்பால்.

"தூசி உறிஞ்சுறதுக்கு எதுக்கு மெத்தை போட்டு மூடி வச்சிருக்கீக?" என்றாள் பொன்னுத்தங்கம்.

நியாயமான கேள்விதான். எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் வேட்டியைச் சரிசெய்தார். அடுத்த தண்ணி நாளும் முனகல் கேட்டால் பாய் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று, தரையைப் பார்த்தபடி தீர்ப்புச் சொன்னார்.

இக்பால் பயந்துதான் போனான். ஆனால் பயத்தோடு கூடவே பழைய துள்ளலும் எட்டிப் பார்த்தது, ஏனென்றால் இன்னொரு வேக்கம் வாங்க இப்போது முறையான காரணம் கிடைத்துவிட்டது. பல் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் மிஷின் ஒன்றைப் போனில் கண்டுபிடித்தான். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். தேய்மானம் கிடையாது, சூடு கிடையாது, நாள் முழுக்க ஓடும், பக்கத்தில் படுத்துத் தூங்கலாம். விலையைக் கேட்ட மெகருன்னிசா முறத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மிஷின் வந்து இறங்கிய அன்று அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "எம்புட்டு உறிஞ்சுனாலும் வெளிய ஒரு ஆளுக்குத் தெரியாது," என்று பெருமையடித்தான். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை. அண்ணாச்சி மட்டும் மாடி வராண்டாவிலிருந்து அந்த மிஷினைச் சோகமாகப் பார்த்தார்.

அடுத்த தண்ணி நாள் காலை. புது வேக்கம் பூனை மாதிரி உட்கார்ந்து உறிஞ்சியது. கடைசி அச்சு முடியும் தறுவாயில் இருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. பொன்னுத்தங்கம், அவளுக்குப் பின்னால் தெரு, தெருவுக்கு முன்னால், வேறு வழியில்லாமல், அண்ணாச்சி.

"இப்பத்தான் தண்ணி திறந்திருக்கு, நூலாகுறதுக்கு முந்தி உங்க மிஷினைப் பாக்கணும். சத்தம் கேக்காத மோட்டார்னு நீங்களே சொன்னீகளே," என்றாள் அவள்.

இக்பால் வேக்கத்தைத் திறந்து காட்டினான். உள்ளே பளபளவென்று பித்தளைத் துருவல், பொட்டுத் தண்ணீர் இல்லை. அது இருக்கட்டும், போன வாரம் முனகியது எது என்று பொன்னுத்தங்கம் விடாமல் கேட்டாள்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வீடு போனால் பட்டறை போகும், பட்டறை போனால் ஆர்டர் போகும். பரண்மேல் ஏறி மதுரை வேக்கத்தைக் கீழே இறக்கினான். இதுதான், இந்தச் சத்தம்தான், எல்லாரும் காதாரக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பிளக்கைச் சொருகினான்.

அது அலறியது. குடங்கள் அதிர்ந்தன. பொன்னுத்தங்கம் காதைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி மட்டும் இரண்டு கையையும் ஆட்டி, நிறுத்துங்க, நிறுத்துங்க என்று ஏதோ கத்தினார். அந்த அலறலில் அது யாருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் தலையாட்டிய பிறகுதான் இக்பால் பிளக்கைப் பிடுங்கினான்.

சத்தம் நின்றது. ஆனால் முழுசாக நிற்கவில்லை.

உம்ம் என்று ஒரு முனகல் மட்டும் மிச்சம் இருந்தது.

இக்பால் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். தெரு முழுவதும் அந்தப் பிளக்கைப் பார்த்தது. பொன்னுத்தங்கம் தலையைச் சாய்த்து, முனகல் வந்த திசையில் மெல்லத் திரும்பினாள். மாடிப்படிக்கு அடியில், பூட்டிக்கிடந்த சாமி பட அறையின் கதவு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி மறுபடியும் வேட்டியைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

அப்போது மாடியிலிருந்து யோகலட்சுமியின் குரல் வந்தது.

"ஏங்க, பாய் மிஷினை நிறுத்திட்டாக, நம்ம மோட்டாரையும் நிறுத்திரவா?"